சிங்கப்பூர்ல கார் ஒர்க்‌ஷாப் பிரான்சைஸ் எடுக்கலாமா? காசு பத்தி அடிக்கடி வர்ற கேள்விகள்

சின் மிங், காக்கி புக்கிட், உபி, அங் மோ கியோ ஆட்டோபாயிண்ட் பக்கமெல்லாம் பத்து பதினஞ்சு வருஷம் ஸ்பேனர் புடிச்ச நம்ம ஆளுங்க நிறைய பேர் இப்ப "சொந்தமா ஒண்ணு போடலாமா, ஒரு பிராண்ட் பேர்ல, அதாவது பிரான்சைஸா போனா கஸ்டமர் தானா வருவாங்களா"ன்னு கேக்கறாங்க. வேலை தெரிஞ்சவங்களுக்கு வேலை பத்தி நான் சொல்ல ஒண்ணுமில்ல, இது முழுக்க காசு பத்தி மட்டும்தான். கீழ வர்ற 'வெள்ளி' எல்லாம் சிங்கப்பூர் வெள்ளி.

மொத்தமா எவ்வளவு வேணும்? சுத்தி வளைக்காம ஒரு நம்பர் சொல்லுங்க.

ஒரே நம்பர் சொல்றவன நம்பாதீங்க, அவன் ஏதோ விக்க வந்திருக்கான். பிரான்சைஸ் ஃபீஸ், இடத்துக்கு டெபாசிட், ரெனோவேஷன், ஹாய்ஸ்ட்டு (கார மேல தூக்கற மெஷின்) கம்ப்ரெசர் ஸ்கேனர் மாதிரி சாமான், ஆயில் ஃபில்டர் பிரேக் பேட் ஸ்டாக், இதெல்லாம் எல்லாரும் எழுதி வெச்சுக்கறாங்க. யாரும் எழுதாதது ஒண்ணு இருக்கு: கடை நிறையற வரைக்கும் மாசா மாசம் கைய விட்டுப் போற காசு. என்னைக் கேட்டா ஃபீஸ் குடுக்க முடியாம யாரும் மூடறதில்ல, நாலாவது அஞ்சாவது மாசம் சம்பளம் போட முடியாமத்தான் மூடறாங்க.

அந்த மாசச் செலவ கொஞ்சம் விரிவா போட்டுக் காட்டுங்க.

சரி. இது வெறும் உதாரணக் கணக்கு, உங்க நம்பர போட்டு நீங்க மாத்திக்குங்க.

2,000 சதுர அடி யூனிட், மாச வாடகை 5,000ன்னு வைங்க, ஓனர் ஜிஎஸ்டி (பொருள் சேவை வரி) ரெஜிஸ்டர் பண்ணவரா இருந்தா 9% சேர்த்து 5,450. மூணு மெக்கானிக், ஒரு கவுன்டர் ஆள், நாலு பேர் சம்பளம் 10,800. எல்லாரும் 55 வயசுக்கு உள்ள இருக்கற லோக்கல் ஆளுங்கன்னா முதலாளி பக்க சிபிஎஃப் (சேமநிதி) 17%, அதாவது இன்னொரு 1,836. கரண்ட், தண்ணி, இன்சூரன்ஸ், கழிவு ஆயில் எடுக்கறவங்க, கணக்கு எழுதறவங்க எல்லாம் சேர்த்து 1,800. பேங்க்ல 150,000 லோன், 7.5% வட்டி, 5 வருஷம்னா தவணை 3,006. கூட்டுனா 22,892 வெள்ளி. ஒரு கார் கூட உள்ள வரலன்னாலும் இது போகும். கவனிச்சீங்களா, இதுல உங்க சொந்தச் சம்பளம் இன்னும் வரல.

இப்ப வரவு. 100 வெள்ளிக்கு பில் போட்டா பார்ட்ஸ், ஆயில் 45 வெள்ளின்னு வைங்க, பிராண்ட் கம்பெனிக்குப் போற ராயல்டி 6, அவங்க விளம்பரத்துக்கு எடுக்கற மார்க்கெட்டிங் ஃபண்ட் 2. கைல நிக்கறது 47. அப்ப 22,892அ ஈடுகட்ட மாசம் கிட்டத்தட்ட 48,700க்கு பில் போடணும். சராசரி பில் 250 வெள்ளின்னா 195 கார், மாசம் 26 நாள் திறந்தா ஒரு நாளைக்கு ஏழெட்டு கார். திறந்த முதல் மாசம் தினம் ஏழெட்டு கார் வராது, அதான் விஷயம்.

முதல் மாசம் 15,000க்கு பில், அப்புறம் மாசம் 5,000 ஏறி ஆறாவது மாசம் 40,000ன்னு போனா (இதுவே நல்ல வேகம்தான்) அந்த ஆறு மாசத்துல உங்க கைக்காசுல இருந்து போறது கிட்டத்தட்ட 60,000. ஆறாவது மாசம் கூட நீங்க நஷ்டத்துலதான் இருப்பீங்க. இந்த 60,000 ரெனோவேஷன்ல கரைஞ்சிடாம தனி அக்கவுண்ட்ல கிடக்கணும், டைல்ஸ் அழகா இருக்கேன்னு அதுல கை வெச்சீங்கன்னா கதை முடிஞ்சுது. ஆறு மாசம் வீட்டுச் செலவும் தனியா வேணும், அத மறக்காதீங்க.

ராயல்டி 6%, 8%தானே? பெரிய விஷயமா?

லாபத்துல இல்லீங்க, விற்பனைல எடுப்பாங்க. நஷ்டம் வந்த மாசமும் போகும். மேல சொன்ன அதே கணக்குல அந்த 8% (ராயல்டி 6, மார்க்கெட்டிங் 2) இல்லன்னா 41,600 பில் போட்டாலே செலவு அடங்கிடும். அதாவது பிராண்ட் பேருக்காக மாசம் 28 கார் கூடுதலா செய்யணும். அந்தப் பேர் உங்களுக்கு மாசம் 28 காருக்கு மேல கொண்டு வந்து விடுமா விடாதா, இது ஒண்ணுதான் கேக்க வேண்டிய கேள்வி. ஏற்கெனவே அதே பிராண்ட் நடத்தறவங்க ரெண்டு மூணு பேர்கிட்ட பிரான்சைஸ் கம்பெனி ஆள் கூட இல்லாதப்ப தனியாப் போய் கேளுங்க, வாக்-இன் கஸ்டமர் எத்தன, ஹெட் ஆபீஸ் அனுப்புனது எத்தன, நீங்களா புடிச்சது எத்தனன்னு.

இன்னொண்ணு, ராயல்டி கம்மியா வெச்சுட்டு "ஆயிலும் பார்ட்ஸும் எங்ககிட்டத்தான் வாங்கணும்"னு போடறவங்களும் உண்டு. அப்ப அவங்க லாபம் பார்ட்ஸ் விலைல ஒளிஞ்சிருக்கும். கையெழுத்துப் போடறதுக்கு முன்னாடியே விலைப் பட்டியல் வாங்கி, நீங்க இப்ப வாங்கற சப்ளையர் விலையோட பக்கத்துல பக்கத்துல வெச்சுப் பாருங்க.

வெளிநாட்டு பிராண்ட்னா வேற ஏதாவது செலவு இருக்கா?

இருக்கு, இது பலருக்குத் தெரியாது. சிங்கப்பூர்ல இல்லாத கம்பெனிக்கு ராயல்டி கட்டுனா பொதுவா 10% வித்ஹோல்டிங் டாக்ஸ் (அவங்க வரிய நீங்களே கழிச்சுக்கறது) புடிச்சு வரி இலாகா ஐராஸ்க்கு நீங்கதான் கட்டணும், பணம் குடுத்த மாசத்துக்கு அடுத்த ரெண்டாவது மாசம் 15ம் தேதிக்குள்ள. ரெண்டு நாட்டுக்கும் வரி ஒப்பந்தம் இருந்தா விகிதம் குறையலாம். அமெரிக்காவோட அப்படி முழு வரி ஒப்பந்தம் சிங்கப்பூருக்குக் கிடையாது. இதுல வம்பு எங்கன்னா, அக்ரிமென்ட்ல "எங்களுக்கு வரி போக முழுசா 3,000 வரணும்"னு ஒரு வாசகம் இருந்தா அந்த டாக்ஸும் உங்க தலைல, 3,000க்கு பதிலா 3,333 ஆயிடும். சின்ன எழுத்துல இருக்கும், தேடிப் படிங்க.

பிரான்சைஸ் கம்பெனி ஏமாத்துனா சட்டம் காப்பாத்துமா?

சிங்கப்பூர்ல பிரான்சைஸ்க்குன்னு தனிச் சட்டம் கிடையாது. அமெரிக்காவுல கையெழுத்துக்கும் காசுக்கும் குறைஞ்சது 14 நாள் முன்னாடி முதலீடு, வழக்கு, மூடுன கடைங்க விவரம் எல்லாம் போட்ட ஒரு ஆவணம் குடுத்தே ஆகணும், மலேசியாவுல 1998ல வந்த பிரான்சைஸ் சட்டம் இருக்கு, ரெஜிஸ்டர் பண்ணணும். இங்க சாதாரண ஒப்பந்தச் சட்டம்தான், பேப்பர்ல என்ன எழுதியிருக்கோ அதான். அதனால வக்கீல் ஃபீஸ மிச்சம் புடிக்காதீங்க. ஒரு டிப்ஸ்: அந்த பிராண்ட் அமெரிக்காவுலயும் இருந்தா அந்த ஊர் ஆவணத்த கேட்டு வாங்கிப் படிங்க, ஏழாவது பகுதில மொத்த முதலீடு எவ்வளவு ஆகும்னு ஒரு பட்டியல் இருக்கும். வெள்ளிக் கணக்கு ஒத்து வராது ஆனா எந்தெந்தத் தலைப்புல காசு போகும்னு புரிஞ்சிடும்.

இடம் எடுக்கறப்ப என்ன பாக்கணும்?

இங்கதான் நிறைய பேர் மாட்டறாங்க, அதனால கொஞ்சம் நீளமாவே சொல்றேன்.

முதல்ல அந்த யூனிட்டுக்கு யுஆர்ஏ (நிலப் பயன்பாடு பாக்கற அரசு அமைப்பு) அனுமதி என்ன பயன்பாட்டுக்குன்னு பாருங்க. பி1 இலகு தொழில், பி2 கொஞ்சம் சத்தம் புகை எல்லாம் இருக்கற தொழில். ஸ்ப்ரே பெயின்ட், தட்டி நிமித்தற வேலை எல்லாம் செய்யணும்னா பி1ல கனவு காணாதீங்க. "பக்கத்து யூனிட்ல செய்யறாங்களே"ன்னு ஏஜென்ட் சொல்வார், அதெல்லாம் எழுத்துல வராது. ஜேடிசி (அரசாங்கத் தொழிற்பேட்டைங்கள பாக்கற அமைப்பு) இடம்னா (2018லேருந்து பழைய ஹெச்டிபி, அதாவது வீடமைப்புக் கழகத் தொழிற்பேட்டைக் கடைங்களும் அவங்க கைலதான்) உள்வாடகைக்கு விடவும் அவங்க அனுமதி வேணும். முன்னாடி இருந்தவர்கிட்ட "டேக்-ஓவர்" காசு குடுத்துட்டு அப்புறம் அனுமதி கேக்கறது தலைகீழ் வேலை.

நேர்ல போறப்ப மெஷரிங் டேப் எடுத்துட்டுப் போங்க. கூரை உயரம் அளந்து பாருங்க, ஹை ரூஃப் வேன ஹாய்ஸ்ட்ல முழுசா தூக்குனா மேல ஸ்ப்ரிங்க்ளர் பைப்ல இடிக்குமான்னு. தரையோட தாங்கு சக்தி எவ்வளவுன்னு பில்டிங் மேனேஜ்மென்ட்கிட்ட எழுத்துல வாங்குங்க, மாடில இருக்கற யூனிட்ல ரெண்டு தூண் ஹாய்ஸ்ட் நிறுத்த தரைல போல்ட் இறக்கணும், கான்கிரீட் கனம் பத்தலன்னா கதை கந்தல். த்ரீ ஃபேஸ் கரண்ட் இருக்கா, எவ்வளவு ஆம்பியர், ஏத்தணும்னா லைசென்ஸ் உள்ள எலக்ட்ரீஷியன் செலவு தனி. ரேம்ப் வளைவுல டோ டிரக் திரும்புமா. பார்க்கிங் லாட் எத்தன குடுப்பாங்க, ஏன்னா முடிச்ச கார எங்க நிறுத்துவீங்க?

அப்புறம் "ரீஇன்ஸ்டேட்மென்ட்". வெளிய போறப்ப இடத்த பழையபடி ஆக்கிக் குடுக்கணும், எபாக்ஸி தரை, தடுப்பு, போல்ட் ஓட்டை எல்லாம். அந்தச் செலவையும் இன்னைக்கே கணக்குல எழுதிக்குங்க. ஸ்டாம்ப் ட்யூட்டி சின்னதுதான், 4 வருஷத்துக்குள்ள இருக்கற லீஸுக்கு மொத்த வாடகைல 0.4%, மாசம் 5,000 மூணு வருஷம்னா 720 வெள்ளி.

கடைசியா ஒண்ணு, பிரான்சைஸ் அக்ரிமென்ட் 5 வருஷம், கடை லீஸ் 3 வருஷம்னு இருந்தா நாலாவது வருஷம் ஓனர் வாடகைய ஏத்துனா நீங்க ரெண்டு பக்கமும் மாட்டிக்குவீங்க. ரெண்டு தேதியையும் ஒத்துப்போற மாதிரி பேசுங்க.

பேங்க்ல லோன் கிடைக்குமா? கம்பெனி இன்னும் ஆரம்பிக்கவே இல்ல.

நேத்து ரெஜிஸ்டர் பண்ண கம்பெனிக்கு பேங்க்காரங்க பெருசா குடுக்க மாட்டாங்க. கம்பெனி பேங்க் ஸ்டேட்மென்ட், டைரக்டரோட வருமான வரி நோட்டீஸ், கிரெடிட் பீரோ ரிப்போர்ட் எல்லாம் கேப்பாங்க, கொஞ்ச காலமாவது வியாபாரம் ஓடியிருக்கணும்னு எதிர்பார்ப்பாங்க.

அரசாங்கப் பக்கம் என்டர்பிரைஸ் சிங்கப்பூரோட ஃபைனான்சிங் ஸ்கீம் இருக்கு. அதுல எஸ்எம்இ (சிறு, நடுத்தர நிறுவனம்) ஒர்க்கிங் கேப்பிட்டல் லோன் 500,000 வரைக்கும், அஞ்சு வருஷம் வரைக்கும் திருப்பிக் கட்டலாம். சாமான், இடம் மாதிரி நிலைச் சொத்துக்கு தனி லோன் இருக்கு. சிங்கப்பூரர் இல்லன்னா பிஆர் (நிரந்தரவாசி) கைல குறைஞ்சது 30% பங்கு இருக்கணும். இதுல எல்லாரும் தப்பா புரிஞ்சுக்கற இடம் என்னன்னா, "அரசாங்கம் 50% ரிஸ்க் எடுக்குது, புதுக் கம்பெனின்னா 70%"னு கேள்விப்பட்டு, கட்ட முடியலன்னா அரசாங்கம் கட்டிடும்னு நினைக்கறாங்க. இல்லவே இல்ல. அது பேங்க்குக்கு குடுக்கற பாதுகாப்பு, உங்களுக்கு இல்ல, நீங்க 100% கட்டியே ஆகணும். குடுக்கறதா வேண்டாமா, வட்டி எவ்வளவு, எல்லாம் பேங்க் முடிவு. பிரைவேட் லிமிடெட்தானே நம்ம வீட்டுக்கு ஒண்ணும் வராதுன்னும் நினைக்காதீங்க, டைரக்டர் பர்சனல் கேரண்டி கையெழுத்து வாங்காம விட மாட்டாங்க. மனைவியையும் டைரக்டரா போட்டா அவங்களும் கையெழுத்து போடணும், முன்னாடியே வீட்ல பேசிடுங்க.

ஹெச்டிபி வீட்ட வெச்சு, சிபிஎஃப் எடுத்து, நகைய வெச்சு ஆரம்பிக்கலாமா?

ஹெச்டிபி வீட்டு மேல வியாபாரத்துக்கு லோன் எடுக்க முடியாது, அதெல்லாம் தனியார் வீடு வெச்சிருக்கவங்களுக்குத்தான். சிபிஎஃப்ப கடை போட எடுக்க முடியாது. நகை அடகுக் கடைல மாசம் 1.5% வரைக்கும் வட்டி, வருஷத்துக்கு 18% ஆச்சு. ஒரு மாசம் இன்சூரன்ஸ் க்ளெய்ம் காசு லேட்டானா அதுக்குத் தாக்குப் புடிக்க ஓகே, ஹாய்ஸ்ட் வாங்க வேண்டாம். லைசென்ஸ் உள்ள மணிலெண்டர்கிட்ட மாசம் 4% வரைக்கும் போகும், அத வெச்சு எந்த ஒர்க்‌ஷாப்பும் லாபம் காட்ட முடியாது. ஆலோங் (லைசென்ஸ் இல்லாத வட்டிக்காரன்) பக்கம் போறவங்களுக்கு என்கிட்ட பதில் இல்ல.

சீட்டுப் புடிச்சு போடறேங்கறவங்களும் இருக்காங்க. இங்க சீட்டு நடத்த லைசென்ஸ் வேணும், தெரிஞ்சவங்க நாலு பேர் சேர்ந்து நடத்தறதுல காசு போச்சுன்னா போலீஸ்ல போய் சொல்லவே கூச்சப்படுவீங்க. மச்சான், சித்தப்பா காசு போட்டா அது கடனா பங்கான்னு எழுதிக்குங்க, கல்யாண வீட்ல போய் சண்டை போடாம இருக்கலாம்.

சாமான் எல்லாம் ரொக்கத்துல வாங்கலாமா, ஹையர் பர்சேஸா?

ஹாய்ஸ்ட், அலைன்மென்ட் மெஷின், டயர் சேஞ்சர் மாதிரி திரும்ப விக்கக்கூடிய சாமான்னா ஹையர் பர்சேஸ் நல்லது, கைல ரொக்கம் நிக்கும். ஸ்கேனர ரொக்கத்துல வாங்கினாலும் அதோட வருஷ சாஃப்ட்வேர் சந்தா தனி, அது நிக்காத செலவு. செகண்ட் ஹேண்ட் கம்ப்ரெசர் வாங்கறீங்கன்னா ஏர் டேங்க்கோட சோதனைப் பேப்பர் கேளுங்க, எம்ஓஎம் (மனிதவள அமைச்சு) விதிப்படி ரெண்டு வருஷத்துக்கு ஒரு தடவ அங்கீகாரம் உள்ள ஆள் வந்து பாக்கணும்.

அரசாங்க கிராண்ட் (திருப்பிக் கட்ட வேண்டாத உதவி) எதுவும் கிடையாதா?

பிஎஸ்ஜின்னு ஒண்ணு இருக்கு, முன்னாடியே அங்கீகரிச்ச சாஃப்ட்வேர் மாதிரி தீர்வுகளுக்கு 50% வரைக்கும். கையெழுத்து, காசு குடுக்கறதுக்கு முன்னாடியே அப்ளை பண்ணணும். பிரான்சைஸ் ஃபீஸுக்கும் வாடகைக்கும் கிராண்ட் குடுப்பாங்கன்னு யாராவது சொல்லி கமிஷன் கேட்டா கதவ காட்டுங்க.

ஊர்லேருந்து நல்ல மெக்கானிக்க கொண்டு வந்தா சம்பளம் மிச்சமாகுமே?

ஒர்க்‌ஷாப் பொதுவா சர்வீஸ் செக்டார்ல வரும். அதுல ஒர்க் பெர்மிட்டுக்கு மலேசியா, சீனா, கொரியா, தைவான், ஹாங்காங், மக்காவ் ஆளுங்கதான், இந்தியாலேருந்துன்னா சமையல்காரர் மாதிரி குறிப்பிட்ட சில வேலைக்கு மட்டும். அதனால நம்ம ஊர் மெக்கானிக்குக்கு எஸ் பாஸ்தான் (நடுத்தரத் திறன் வெளிநாட்டு ஆளுக்கான வேலை அனுமதி) வழி. சர்வீஸ்ல எஸ் பாஸ் அளவு மொத்த ஆள்ல 10%, அதாவது ஒன்பது லோக்கல் ஆள் இருந்தாத்தான் ஒரு எஸ் பாஸ். நாலு பேர் கடைல வாய்ப்பே இல்ல. கிடைச்சாலும் 2025 செப்டம்பர்லேருந்து குறைஞ்ச சம்பளம் 3,300, லெவி (வெளிநாட்டு ஆளுக்காக முதலாளி அரசாங்கத்துக்குக் கட்டறது) 650, ஆக 3,950 வெள்ளி. மிச்சம் எங்க? மலேசிய ஒர்க் பெர்மிட் ஆள் எடுக்கலாம், மொத்த வெளிநாட்டு ஆள் 35%க்குள்ள இருக்கணும், லெவி உண்டு.

நானே எஸ் பாஸ்ல இருக்கேன், நான் திறக்கலாமா?

முடியாது. எஸ் பாஸ் அந்த ஒரு முதலாளிகிட்ட வேலை பாக்க மட்டும்தான். யார் பேர்லயோ கம்பெனி போட்டு நீங்க நடத்தறதும் வேண்டாம், மாட்டுனா பாஸ் போயிடும், அந்தப் பேர் குடுத்தவரும் மாட்டுவாரு.

ஜிஎஸ்டி, வருமான வரி?

வருஷ விற்பனை 10 லட்சம் வெள்ளி தாண்டுனாத்தான் ஜிஎஸ்டி ரெஜிஸ்டர் கட்டாயம். மேல போட்ட கணக்குல வருஷத்துக்கு 6 லட்சம் கூட வரல. தானா முன்வந்து ரெஜிஸ்டர் பண்ணா சாமானுக்குக் கட்டுன ஜிஎஸ்டி திரும்ப வரும், ஆனா குறைஞ்சது ரெண்டு வருஷம் இருந்தாகணும், உங்க கஸ்டமர் பூரா சாதாரண கார் ஓனருன்னா உங்க பில் 9% ஏறும். லாரி, வேன் வெச்சிருக்கற கம்பெனி கஸ்டமர் நிறையன்னா யோசிக்கலாம், அவங்க திரும்ப எடுத்துக்குவாங்க.

கம்பெனியா போட்டா அக்ரால (கம்பெனி பதிவு ஆணையம்) பேருக்கு 15, பதிவுக்கு 300. தகுதி இருந்தா முதல் மூணு வரி வருஷம் முதல் 100,000 லாபத்துல 75%, அடுத்த 100,000ல 50% வரி விலக்கு. தனி ஆள் பேர்ல போட்டா இது கிடையாது.

லைசென்ஸ், இன்சூரன்ஸ்னு சின்னச் சின்ன செலவு?

கழிவு ஆயில என்இஏ (சுற்றுப்புற வாரியம்) லைசென்ஸ் உள்ளவங்கதான் எடுக்கணும், சாக்கடைல ஊத்துனா அபராதம் உங்க ஒரு மாச லாபத்த தின்னுடும். கை வேலை செய்யற எல்லாருக்கும் சம்பளம் எவ்வளவா இருந்தாலும் வேலைக் காய இன்சூரன்ஸ் கட்டாயம். கஸ்டமர் கார் உங்க கைல இருக்கறப்ப ஏதாவது ஆனா ஈடு கட்டற இன்சூரன்ஸ் தனி, டெஸ்ட் டிரைவ் போறப்பவும் பொருந்துமான்னு கேட்டு வாங்குங்க. பெயின்ட், தின்னர் நிறைய வெச்சா எஸ்சிடிஎஃப் (தீயணைப்புப் படை) பக்கம் அனுமதி பாக்கணும்.

எலக்ட்ரிக் கார் வந்துட்டா இதெல்லாம் போட்ட காசு வருமா?

நியாயமான பயம். 2024ல புதுசா பதிவான கார்ல ஏறக்குறைய மூணுல ஒண்ணு எலக்ட்ரிக். 2030லேருந்து புதுசா பதிவாகறது எல்லாம் சுத்த எரிசக்தி வண்டியா இருக்கணும், 2040ல எல்லா வண்டியும். எலக்ட்ரிக் கார்ல ஆயில் சர்வீஸே கிடையாது, பிரேக் பேடும் மெதுவாத்தான் தேயும். டயர், சஸ்பென்ஷன், ஏர்கான், ஆக்சிடென்ட் வேலை இருக்கும். ஆனா நாளைக்கே பெட்ரோல் கார் காணாமப் போகாது, சிஓஇ (வண்டி வெச்சுக்கற உரிமைச் சான்று) புதுப்பிச்சு 10 வருஷம் தாண்டி ஓட்டறவங்க இருக்காங்க, அந்த வண்டிங்கதான் ஒர்க்‌ஷாப்புக்கு சோறு போடுது, வருஷா வருஷம் இன்ஸ்பெக்‌ஷன் வேற போகணும். அதனால 5 வருஷ அக்ரிமென்ட் பயமில்ல, 10 வருஷம்னா எலக்ட்ரிக் கார் டிரெய்னிங் யார் செலவுல, புது மெஷின் வாங்கச் சொன்னா யார் காசுன்னு எழுதி வாங்குங்க. எலக்ட்ரிக்க விட எனக்கு இப்ப கண்ணுல படற போட்டி ஜொகூர்தான், சனி ஞாயிறு அங்க போய் சர்வீஸ் பண்ணிட்டு சாப்பிட்டு வர்றவங்க எத்தன பேர். விலைல அவங்களோட மோதாதீங்க.

அப்ப பிரான்சைஸ் வேண்டாம்னு சொல்றீங்களா?

எல்லாருக்கும் இல்ல. உங்களுக்குன்னு ஏற்கெனவே நூறு நூத்தம்பது ரெகுலர் கஸ்டமர் இருந்தா, அவங்க உங்க போன் நம்பர தேடித்தான் வருவாங்க, போர்ட பாத்து இல்ல, அப்ப 8% குடுக்கறது வீண். கஸ்டமர் இல்ல ஆனா மேனேஜ் பண்ணத் தெரியும், கம்பெனி வண்டி கான்ட்ராக்ட் புடிக்கணும், இன்சூரன்ஸ் கம்பெனி பட்டியல்ல சேரணும்னா பிராண்ட் பேர் கதவத் திறக்கலாம். இன்சூரன்ஸ் வேலைல காசு லேட்டாத்தான் வரும், பார்ட்ஸ்காரனுக்கு நீங்க முன்னாடியே கட்டணும், அந்த இடைவெளிக்கும் பணம் வெச்சுக்குங்க.

காசு குடுக்காம யார்கிட்டயாவது கேக்கலாமா?

சிக்கி, அதான் நம்ம இந்தியர் வர்த்தக தொழிற்சபையோட எஸ்எம்இ சென்டர்ல ஆலோசகர்கிட்ட இலவசமா பேசலாம், எந்த லோன் எந்த கிராண்ட் பொருந்தும்னு பாத்துச் சொல்வாங்க. வெறுங்கையோட போகாதீங்க, மாசச் செலவு கணக்கு, பிரான்சைஸ் அக்ரிமென்ட் டிராஃப்ட், லீஸ் ஆஃபர் மூணையும் பிரின்ட் எடுத்துட்டுப் போங்க. டிராஃப்ட வெளிய காட்டக்கூடாதுன்னு ரகசிய ஒப்பந்தத்துல கையெழுத்து போட்டிருந்தீங்கன்னா முதல்ல உங்க வக்கீல்கிட்ட ஒரு வார்த்தை கேட்டுக்குங்க.